சுடர் காட்டிய வாயு
மண்ணுக்கடியில் மலாயா: வரலாற்றுத் தொடர், பகுதி 6

நிலக்கரிச் சுரங்கங்களின் வரலாறு பெரும்பாலும் வெட்டியெடுத்த டன் கணக்காகவும், முதலீட்டாளர்களின் இலாபக் கணக்காகவும், சிற்சில இடங்களில் வேலைநிறுத்தங்களின் கதையாகவும் எழுதப்பட்டுள்ளது. சுரங்கத்துக்குள் இறங்கிய பாதுகாப்பு ஆய்வாளரின் கையில் இருந்த சிறு கருவி அந்த எழுத்துகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. ஆனால் அன்றைய பணிமுறைக்கு ஆட்கள் உள்ளே போகலாமா, உள்ளே இருப்பவர்கள் வெளியேற வேண்டுமா என்பதைத் தீர்மானித்தது அக்கருவியே. அது காட்டிய அளவை யார் படித்தார்கள், படித்தபின் வேலையை நிறுத்தும் உரிமை யாரிடம் இருந்தது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் வரலாறு முழுமை பெறும்.

மலாக்காவின் உம்பாய், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு நிலக்கரி தொலைவான பொருளாகத் தோன்றக்கூடும். எனினும் அக்குடும்பங்கள் வெட்டிய பால்மரத்தின் ரப்பர் ஏறிப்போன ரயில்களுக்கு நிலக்கரி தேவைப்பட்டது. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு வந்த கிளைப்பாதை, இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகும் வரை, கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வேயைச் சேர்ந்ததாகவே இருந்தது. அந்த ரயில்வேக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் மின் நிலையங்களுக்கும் எரிபொருள் தந்தது சிலாங்கூர் மாநிலத்தில் ரவாங்குக்கு மேற்கே உள்ள பத்து ஆராங். தீபகற்ப மலாயாவில் நிலக்கரி பெருமளவில் வெட்டப்பட்ட இடம் அது ஒன்றே.

பத்து ஆராங்கின் நிலக்கரி 1908இல் கண்டறியப்பட்டது. ஜே. ஏ. ரசல் என்னும் தொழிலதிபரின் முயற்சியால் 1913இல் மலாயன் கொலியரீஸ் நிறுவனம் அமைந்தது. 1915இல் வெட்டும் பணி தொடங்கியது. மேற்பரப்பைத் தோண்டி வெட்டும் திறந்தவெளி முறையும், சுரங்கப்பாதை அமைத்து உள்ளே சென்று வெட்டும் முறையும் அங்கே சேர்ந்தே நடந்தன. தொழிலாளர்களில் சீனர்கள் பெரும்பான்மையினர். இந்தியத் தொழிலாளர்களும் குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் இருந்தனர். ரயில்வே, நிறுவனம், அரசின் சுரங்கத் துறை ஆகிய மூன்றும் இந்நிலத்தில் சந்தித்தன. ஆனால் கரித்தூள் படிந்த கூலியாட்கள் தம் உயிருக்கான அளவைத் தாமே பார்க்கும் இடத்தில் நெடுங்காலம் வைக்கப்படவில்லை என்பதே இப்பகுதி சொல்ல முனையும் செய்தி.

சுரங்கக் காற்றில் ஆய்வாளர் தேடிய வாயுக்கள் முக்கியமாக மூன்று. முதலாவது மீத்தேன். தாவரப் பொருள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் நிலக்கரியாக மாறும்போது உருவாகி அக்கரியின் நுண்துளைகளில் அடைந்து கிடக்கும் இவ்வாயு, கரி வெட்டப்படும்போது வெளியேறுகிறது. காற்றில் இது 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் சிறு பொறி பட்டாலும் வெடிக்கும், 9.5 விழுக்காட்டை ஒட்டிய நிலையில் வெடிப்பு மிகக் கடுமையாக இருக்கும். காற்றைவிட ஏறத்தாழ பாதி எடையே உள்ளதால் இது கூரையை ஒட்டியும், மேல்நோக்கிச் செல்லும் பாதைகளின் முனையிலும் படலமாகத் தங்கும். இரண்டாவது கார்பன் மோனாக்சைட். நெருப்பும் அரைகுறையாக எரியும் கரியும் இதை வெளிவிடும். மணமோ நிறமோ இல்லாத இவ்வாயு, இரத்தத்தின் சிவப்பணுக்களில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேலான வலிமையோடு பற்றிக்கொள்கிறது. மூன்றாவது, கரிமிலவாயுவும் நைட்ரஜனும் மிகுந்து ஆக்சிஜன் குறைந்த காற்று; பழைய சுரங்கப்பாதைகளிலும் தாழ்வான குழிகளிலும் இது தேங்கி நிற்கும்.

இவற்றுள் மீத்தேனைக் கண்டுபிடிக்கும் முதல் கைக்கருவி ஒரு விளக்கு. 1812 மே 25 அன்று இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 92 பேர் இறந்தனர். அந்தத் துயரத்துக்குப் பின்னரே பாதுகாப்பு விளக்குக்கான தேடல் விரைவு பெற்றது. மருத்துவரான வில்லியம் ரீட் கிளானி, கில்லிங்வொர்த் சுரங்கத்தில் பணிபுரிந்த ஜார்ஜ் ஸ்டீவன்சன், வேதியியலர் ஹம்ஃப்ரி டேவி ஆகிய மூவரும் தனித்தனியே வடிவங்களைச் செய்தனர். சுடரைச் சுற்றி ஒரு சதுர அங்குலத்துக்கு 784 துளைகள் கொண்ட கம்பி வலையை அமைத்தது டேவியின் விளக்கு. வலையின் உலோகம் வெப்பத்தை விரைவாக உறிஞ்சிப் பரப்பிவிடுவதால், உள்ளே எரியும் வாயுவின் வெப்பம் வெளியே உள்ள வாயுவைப் பற்றவைக்கும் அளவுக்குக் கடந்து செல்வதில்லை. 1815இல் அறிவிக்கப்பட்ட இவ்விளக்கு 1816 தொடக்கத்தில் ஹெப்பர்ன் சுரங்கத்தில் சோதிக்கப்பட்டது.

வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்ட கருவி அளவுகோலாகவும் மாறியது இதன் வரலாற்றில் மிகவும் கவனிக்கத் தக்க திருப்பம். ஆய்வாளர் சோதிக்க விரும்பும் இடத்துக்கு வந்ததும் திரியைத் திருகித் தாழ்த்துவார்; மஞ்சள் ஒளி மறைந்து, ஒரு சிறு நீலச் சுடர் மட்டும் எஞ்சும். பின்னர் விளக்கைக் கண்ணுக்கு நேராக வைத்து, மெல்ல மெல்லக் கூரையை நோக்கி உயர்த்துவார். காற்றில் மீத்தேன் இருந்தால் அந்தச் சுடரின் மேல் மங்கிய நீல நிறத்தில் ஒரு கூம்பு தெரியும். 1.25 விழுக்காடு என்னும்போது அது பழகிய கண்ணுக்கு மட்டுமே தென்படும் நிழல். வாயு கூடக் கூட அது உயரும். 5 விழுக்காட்டை நெருங்கும்போது வலைக்குள் முழுவதும் நீலம் பரவும். அப்போது ஆய்வாளர் பதறி விளக்கை இழுக்கக்கூடாது. வேகமாக அசைந்தால் வலைக்கு வெளியே தீ பாயும் அபாயம் உண்டு. அவர் விளக்கை மெதுவாகக் கீழிறக்க வேண்டும். கூரையின் பிளவுகளில் தங்கிய காற்றை விளக்குக்கு இழுத்துவர ஆங்கிலேயச் சுரங்கப் பொறியாளர் கார்ஃபோர்த் ரப்பர் பந்து ஒன்றை அறிமுகம் செய்தார். பந்தை அமுக்கிப் பிளவில் நுழைத்து விட்டு, உறிஞ்சிய காற்றை விளக்கின் அடியில் உள்ள குழாய்வழி உள்ளே செலுத்துவது முறை. அந்தப் பந்து நீண்ட காலம் ஆய்வாளரின் தோள்பையில் விளக்கோடு இணைபிரியாமல் இருந்தது. ஜெர்மனியின் ஸ்விக்காவ் நகரில் 1884இல் தொடங்கப்பட்ட வோல்ஃப் நிறுவனத்தின் விளக்கு, அணைந்தாலும் மூடியைத் திறக்காமல் உள்ளேயே மீண்டும் ஏற்றும் அமைப்பையும், காந்தத்தால் மட்டுமே திறக்கும் பூட்டையும் கொண்டிருந்தது. சுரங்கத்துக்குள் திறந்த தீயை முற்றாக ஒழிக்க அதுவே பேருதவி செய்தது.

சுரங்கப் பாதுகாப்பின் வரலாறு இந்தியாவில் தமிழர்களை வேறொரு வழியில் தொட்டது. இந்தியாவின் முதல் சுரங்க ஆய்வாளராக ஜேம்ஸ் கிரண்டி 1894இல் நியமிக்கப்பட்டார். 1897இல் கோலார் தங்க வயலில் 52 பேரைப் பலிகொண்ட விபத்தும், 1899இல் பலுசிஸ்தானின் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேரைப் பலிகொண்ட விபத்தும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. கோலாரின் ஆழங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் உழைத்ததை நினைவில் கொண்டால், இந்திய சுரங்கச் சட்டத்துக்குத் தமிழர்களின் உயிரும் விலையாகத் தரப்பட்டதைக் காணலாம். 1901இல் சட்டம் வந்தது. 1902 ஜனவரியில் கல்கத்தாவில் சுரங்க ஆய்வு அலுவலகம் திறக்கப்பட்டு, 1908இல் தன்பாத்துக்கு மாறியது. ஆனால் சட்டம் வந்ததும் சாவு நிற்கவில்லை: 1936 டிசம்பர் 18இல் போய்திஹ் சுரங்கத்தில் 209 பேர் இறந்தனர், 1958 பிப்ரவரியில் சினாகுரியில் 170க்கும் மேற்பட்டோரும், 1965 மே 28இல் தோரியில் 268 பேரும் மாண்டனர்.

பத்து ஆராங்குக்குத் திரும்பினால், அங்கே மீத்தேனைவிடப் பெரிய சிக்கல் கரியின் இயல்பிலேயே இருந்தது. அங்கே வெட்டப்பட்டது இளங்கரி, ஈரப்பதம் மிகுந்தது, காற்றில் பட்டால் ஆக்சிஜனை ஈர்த்து மெல்லச் சூடேறித் தானாகத் தீப்பற்றக்கூடியது. கைவிடப்பட்ட பாதைகளிலும், விழுந்து கிடக்கும் கரிக் குவியல்களிலும் கண்ணுக்குத் தெரியாமல் எரியத் தொடங்கும் அந்தத் தீயை, புகை எழுமுன்பே கார்பன் மோனாக்சைட் காட்டிக்கொடுக்கும். ஆனால் மீத்தேனைக் காட்டும் விளக்கு இவ்வாயுவைக் காட்டாது. சுடர் இயல்பாகவே எரிந்துகொண்டிருக்கும்போது அதை ஏந்திய மனிதர் மயங்கி விழக்கூடும். ஆகவே இந்த இடத்தில் ஆய்வாளரின் திறமை முழுவதும் ஒரே கருவியை நம்பியிருக்கக் கூடாது என்பது தெளிவாகிறது.

இச்சிக்கலுக்கு வந்த முதல் விடை ஓர் உயிரி. சுரங்க வெடிப்புகளில் இறந்தோரைப் பற்றி 1896இல் அறிக்கை எழுதிய ஸ்காட்லாந்து உடலியலர் ஜான் ஸ்காட் ஹால்டேன், அவர்களில் பெரும்பாலோர் வெடிப்பின் தாக்கத்தால் இறக்காமல், பின்னர் பரவிய கார்பன் மோனாக்சைடால் இறந்ததைக் காட்டினார். சிறு உயிரினங்கள் மூச்சை விரைவாக இழுப்பதால் மனிதருக்கு முன்பே அவை பாதிக்கப்படும் என்பதே அவர் கொண்ட காரணம். கூண்டில் கானரிக் குருவிகளைச் சுமந்து செல்லும் வழக்கம் இதனால் நிலைத்தது. பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986 வரை அது நீடித்தது. ஒரு பறவையின் துவளலைத் தம் கையில் ஏந்தி நின்ற ஆய்வாளர்களின் பணியை எளிதாக எண்ணுதல் தகாது.

அடுத்த விடை வேதிப்பொருள் நிறைத்த கண்ணாடிக் குழாய். முதலாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் உருவான ஹூலமைட் என்னும் கலவை, கார்பன் மோனாக்சைட் கலந்த காற்று பட்டதும் நீலம் கலந்த பச்சையாக மாறியது. 1937இல் ஜெர்மனியின் டிரேகர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த குழாய்கள் இம்முறையை உலகெங்கும் பரப்பின. இரு முனைகளையும் உடைத்து, கைப்பம்பினால் அளவிட்ட காற்றை இழுத்தால், நிறம் மாறிய நீளமே வாயுவின் அளவாகும். குழாயின் விலையும், ஒருமுறைக்கு மேல் அதைப் பயன்படுத்த முடியாத தன்மையும், நிறம் மாறியதை ஒவ்வொரு கண்ணும் வெவ்வேறாகப் படிப்பதும் அதன் குறைகள்.

தீயைத் தேடும் ஆய்வாளருக்கு, ஒரு நேரத்து அளவு போதுமானதாகவும் இல்லை. ஜே. ஐவான் கிரஹாம் என்பவர் வகுத்த விகிதமே இங்கு நெடுங்காலம் வழிகாட்டியது. சுரங்கத்துக்குள் நுழைந்த காற்றில் இருந்த ஆக்சிஜன் எவ்வளவு குறைந்துள்ளது என்பதை முதலில் கணக்கிட்டு, அந்தக் குறைவில் எத்தனை விழுக்காடு கார்பன் மோனாக்சைடாக மாறியிருக்கிறது என்று பார்ப்பதே அம்முறை. அது அரை விழுக்காட்டுக்கு உட்பட்டிருந்தால் பெரிய கவலைக்கிடமில்லை. 1 விழுக்காட்டைக் கடந்தால் எங்கோ கரி சூடேறுகிறது. 2 விழுக்காட்டைக் கடந்தால் நிலைமை மோசம். 3 விழுக்காட்டில் தீ எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இதற்காக ஆய்வாளர் கண்ணாடிக் குடுவைகளில் காற்றைப் பிடித்து மேலே கொண்டுவந்து, ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தார். அம்முறைக்கு மணிக்கணக்கில் நேரம் பிடித்தது. அதுவரை கீழே வேலை நடந்துகொண்டிருந்தது.

மலாயாவில் சுரங்கத் துறையின் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஈயச் சுரங்கங்களின் நீர் உரிமைகளையும் மண்சரிவுகளையும் மேற்பார்த்தவர்கள். தீபகற்பத்தில் நிலக்கரி அவர்களுக்கு ஓரிடத்துப் பணி. மறுபுறம், பத்து ஆராங்கில் ஒப்பந்தக்காரர்கள் வழியாகத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கும் முறை நிலைத்திருந்தது. ஒப்பந்தக்காரரின் வருமானம் வெட்டிய கரியின் எடையைச் சார்ந்திருக்கும் ஓரிடத்தில், கருவி காட்டும் எண்ணுக்காக வேலையை நிறுத்துவது யாருடைய இழப்பு என்ற கேள்வி கருவியைவிட முக்கியமாகிறது. 1937 மார்ச் மாதத்தில் பத்து ஆராங்கின் தொழிலாளர்கள் சுரங்கத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவந்து நடத்திய வேலைநிறுத்தம் மலாயாவின் தொழிலாளர் வரலாற்றில் முக்கியமானது. கூலியும் ஒப்பந்தக்காரர் முறையும் அதன் மையமாக இருந்தன. காற்றை அளக்கும் உரிமை அதில் தனித்த கோரிக்கையாக எழவில்லை எனினும், வேலை செய்யும் நிலையைத் தாமே முடிவு செய்ய விரும்பிய மக்களின் எழுச்சி அது. போருக்குப் பின் ரயில்களும் மின் நிலையங்களும் எண்ணெய்க்கு மாறியபோது தேவை வீழ்ந்து, 1960இல் சுரங்கம் மூடப்பட்டது.

அச்சுரங்கம் இயங்கிய காலத்திலேயே கருவிகள் மாறத் தொடங்கியிருந்தன. ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் 1920களின் இறுதியில் உருவான ஒளிக் குறுக்கீட்டுக் கருவி, ஒளியின் ஒரு கதிரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தூய காற்றின் வழியும் மற்றொன்றைச் சுரங்கக் காற்றின் வழியும் செலுத்துகிறது; வாயு கலந்த காற்றில் ஒளியின் வேகம் வேறுபடுவதால், ஒன்றுசேரும் இடத்தில் உண்டாகும் கருங்கோடுகள் அளவுகோலில் நகர்ந்து நிற்கும். ஈரமும் கரிமிலவாயுவும் கோடுகளை நகர்த்திவிடும் என்பதால், காற்று உள்ளே வருமுன் அவற்றை உறிஞ்சும் இரு குழாய்களின் வழி போக வேண்டும். அந்தக் குழாய்களில் உள்ள வேதிப்பொருளை மாற்ற மறந்தவரின் அளவு பயனற்றது. ஆனால் இக்கருவிக்குச் சுடர் தேவையில்லை. அதனால் அதை ஏந்தியவர் தாமே தீயின் காரணமாக ஆகும் அச்சமும் இல்லை.

மற்றொரு பாதை கலிபோர்னியாவின் எண்ணெய்க் கப்பல்களிலிருந்து வந்தது. ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தில் பணியாற்றிய ஆலிவர் ஜான்சன் 1926-27இல், சூடான பிளாட்டினக் கம்பியில் தீப்பற்றும் வாயு எரியும்போது கம்பியின் மின்தடை மாறுவதை அளக்கும் கருவியைச் செய்தார். கப்பல் தொட்டிகளில் நடக்கும் வெடிப்பைத் தடுப்பதே அவர் நோக்கம். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டனின் ஆலன் பேக்கர், கம்பியைச் சிறு பீங்கான் மணியில் பொதிந்து வினையூக்கி பூசிய பெல்லிஸ்டரை அமைத்தார். ஒரு மணி வாயுவோடு வினைபுரியும், மற்றொன்று புரியாது. இரண்டின் வேறுபாடே எண்ணாக வெளிப்படும். இக்கருவிக்கு இரு குறைகள் உண்டு. சிலிக்கோன் கலந்த ஆவி பட்டால் வினையூக்கி செயலிழந்து, வாயு இருந்தும் கருவி சுழியையே காட்டும். மேலும் ஆக்சிஜன் குறைந்த காற்றில் மீத்தேன் மிகுந்தாலும் அது சரியாக எரிவதில்லை என்பதால் எண் தாழ்ந்து தெரியும். இதனாலேயே நால்வகை வாயுக் கருவிகள் தீப்பற்றும் வாயுவோடு ஆக்சிஜனையும் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜன் சல்பைடையும் ஒன்றாகக் காட்டும்படி செய்யப்படுகின்றன. ஒவ்வொரு ஆய்வுக்கும் முன் அளவு தெரிந்த வாயுவைச் செலுத்திப் பார்க்கும் சோதனை விதியாகிறது.

இக்கருவிகள் காட்டும் எண்ணுக்குச் சட்டமும் வரம்பு வகுத்தது. இந்திய நிலக்கரிச் சுரங்க விதிமுறைகள் 1957இல் வந்தன; அவற்றின்படி சுரங்கத்தின் எந்த இடத்திலும் மீத்தேன் 1.25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வெளிவரும் காற்றில் 0.75 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சுடரின் மங்கிய கூம்பு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் அளவும் இந்த எண்ணும் ஒன்றாக நிற்பது கவனிக்கத் தக்கது. விளக்கால் உறுதியாகக் காணக்கூடிய மிகக் குறைந்த அளவையே சட்டமும் வரம்பாகக் கொண்டது போலத் தோன்றுகிறது.

தீபகற்பத்தில் நிலக்கரி நின்றாலும் மலேசியாவில் நிலக்கரிச் சுரங்கம் முற்றாக நிற்கவில்லை, சரவாக்கில் தொடர்ந்தது. 2014 நவம்பர் 22 அன்று அங்குள்ள சிலாந்தெக் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் வெளிநாட்டுத் தொழிலாளர் மூவர் இறந்தனர்; பலர் காயமடைந்தனர். தொலைதூரத்திலிருந்து வந்து, மொழி தெரியாத நிலத்தில் மண்ணுக்கடியில் உழைப்போரே இன்றும் வாயுவின் முன் நிற்கின்றனர் என்பதை அந்நிகழ்வு துயரத்தோடு உறுதி செய்தது.

மலாக்காவின் தமிழர்களுக்கோ, அதே கருவி வேறொரு வாசல் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. பால்மரங்கள் அகன்று செம்பனை வந்த தோட்டங்களில் எண்ணெய் ஆலைகளின் கழிவுநீர்க் குளங்கள் மீத்தேனை வெளிவிடுகின்றன. மூடிய குளங்களில் பிடிக்கப்படும் உயிர்வாயுவில் 60 விழுக்காட்டுக்கு மேல் மீத்தேனே இருக்கும். சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்திலும், ஆலைகளின் கொதிகலன்களிலும் தொட்டிகளிலும் ஆட்கள் இறங்குமுன் காற்று அளக்கப்பட வேண்டும். மலேசியாவின் மூடிய இடங்களுக்கான 2010ஆம் ஆண்டு நடைமுறை விதித்தொகுப்பு, ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் எனவும், தீப்பற்றும் வாயு வெடிக்கும் கீழ்வரம்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது எனவும் கூறுகிறது. இதை அளப்பவர் அங்கீகரிக்கப்பட்ட வாயுச் சோதனையாளர் என்னும் பயிற்சிச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். தொட்டியின் வாயிலில் நின்று, நீண்ட குழாயால் காற்றை இழுத்து, மேல், நடு, அடி என மூன்று நிலைகளில் அவர் அளக்கிறார்; மீத்தேன் மேலேயும், காற்றைவிடக் கனமான ஹைட்ரஜன் சல்பைட் அடியிலும் தங்குவதே அதற்குக் காரணம். குழாய் நீளமானால் காற்று வந்து சேரவும் நேரமாகும். அந்நேரம் கழியாமல் எண்ணைப் படித்தால் வாயிலின் காற்றையே படித்ததாகும். படித்த எண்ணையும் நேரத்தையும் அனுமதிச் சீட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டியதும் அவருடைய கடமை.

பத்து ஆராங்கின் காலத்தில் கருவியை ஏந்தியவரும் வேலையை நிறுத்த வல்லவரும் ஒருவராகவும், காற்றை மூச்சாக இழுத்தவர் மற்றொருவராகவும் இருந்தனர். இந்நிலையைச் சட்டம் மாற்றுவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1994இல் வந்த தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நலச் சட்டம் சுரங்கத் தொழிலையும் தன் வரையறைக்குள் கொண்டிருந்தது. அதன் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2024 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. உடனடி அபாயம் உள்ளது என நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அந்த அபாயத்தை நீக்காத நிலையில், அந்த இடத்தை விட்டு அகலும் உரிமையை அது முதன்முறையாக வெளிப்படையாக வழங்கியது.